நீல டிரம்மும் ஓனரம்மாவின் தலையும்

எங்கள் வீட்டில் நகையை மேஜை மேல் வைத்துவிட்டுத் தூங்கலாம். தண்ணீரை வைக்க முடியாது. என் வீட்டுக்காரரின் அக்கா வந்து மூடி போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பாதி டம்ளர் குடித்துவிட்டு போன் பேசத் திரும்பினால், மீதிப் பாதி மாயமாகியிருக்கும். கேட்டால், "நீ குடிச்சு முடிச்சிட்டேன்னு நெனச்சேன்" என்பாள். கட்டிலுக்கு அடியில் பாட்டில், டிவிக்குப் பின்னால் பாட்டில், பீரோவில் துணிகளுக்கு நடுவே பாட்டில். கல்யாணமாகி வந்த புதிதில் தலையணையைச் சரி செய்யப்போய், கையில் ஒரு லிட்டர் தண்ணீரோடு நின்றேன். இந்தக் குடும்பத்தைப் பற்றி அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அக்கா என்றுதான் நானும் கூப்பிடுவேன். அவளுக்குத் தொழில் தலைமுடி. மூன்றாவது மாடியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் முன்னறைதான் அவளுடைய பார்லர். கட்டிய மனுஷனைத் தலைமுழுகிவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தபோது அவள் கையில் ஒரு பை, பைக்குள் ஒரு கத்தரிக்கோல். "என்னை உக்கார வச்சு சோறு போடாதீங்க. எனக்கு உக்காரத் தெரியாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாளாம். சொன்னபடியே இன்றுவரை உட்காரவில்லை. சாப்பிடுவதுகூட அடுப்படி மேடையில் சாய்ந்துகொண்டுதான். முதலில் ஒரு பெரிய பார்லரில் கீழே விழுந்த முடியைக் கூட்டினாள். பிறகு தலை கழுவினாள். பிறகு வெட்டினாள். ஒருநாள் முதலாளியம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து எங்கள் முன்னறையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடிப்போன ஒரு பல் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தது. பின்னால் சாயும், மேலே ஏறும், கழுவுவதற்கு வசதி. ஆனால் அதில் உட்காருகிறவர்கள் எல்லோரும் காரணமே இல்லாமல் வாயைத் திறந்துவிடுகிறார்கள். திறந்த வாய் சும்மா இருக்குமா? தெருவில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் வீட்டுப் பையன் வேலையை விட்டுவிட்டான் என்பதெல்லாம் எங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

தண்ணீர்ப் பைத்தியமும் தொழிலோடு வந்ததுதான். "ஒருத்தி தலை நெறைய சாயத்தோட உக்காந்திருக்கும்போது கொழாயில காத்து வந்தா தெரியும் உனக்கு" என்பாள். சாயத்துக்கு இரண்டு சரக்கு வேண்டும். டியூபில் வருகிற கிரீம் ஒன்று, அதோடு கலக்கிற டெவலப்பர் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் முடி கறுக்கும், தனித்தனியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. நாங்கள் வாங்குகிற மலிவு ரக டெவலப்பர் பார்ப்பதற்கு அசல் தண்ணீர். அது வருகிற வெள்ளை பாட்டில்களை அக்கா எறிய மாட்டாள். கழுவிக் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பாள். எதில் எது என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தால் தண்ணீர். மாட்டாவிட்டால் டெவலப்பர். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட மாறியதில்லை என்று அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

இதெல்லாம் போக, பின்பக்க பால்கனியில் ஒரு நீல டிரம். என் தோள் உயரம். அதற்கு மூடி, மூடி மேல் துணி, துணி மேல் ஒரு செங்கல். அதிலிருந்து ஒரு சொட்டு எடுக்க யாருக்கும் அனுமதி கிடையாது.

"அது கடைசிக்கு" என்பாள் அக்கா.

"எந்தக் கடைசிக்கு?"

"வந்தா எனக்குத் தெரியும்."

இப்படி இருக்கும்போதுதான் ஓனரம்மா படியேறி வந்தார். கீழ் வீட்டில் குடியிருக்கும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி. மாடி முழுக்கப் பார்லர் முடியாம், அது போய்க் குழாயை அடைக்கிறதாம், தலை கழுவிக் கழுவியே தொட்டி காலியாகிறதாம். "குடியிருக்கத்தான் வீடு குடுத்தேன், கடை போட இல்ல. மாசக் கடைசிக்குள்ள அந்தப் பல்லு நாற்காலிய எடுத்துடணும்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் எங்கள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்.

அக்கா அன்று முழுக்க அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் என் வீட்டுக்காரர், "விடுக்கா, நான் சம்பாதிக்கலியா? நீ பேசாம வீட்ல இரு" என்று ஆறுதல் சொன்னார். டெப்போவில் பஸ் ஓட்டுகிற மனுஷர், ஆறுதலையும் பிரேக் போடாமல்தான் சொல்வார். அக்காவின் முகம் செத்துவிட்டது. "பேசாம இருக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். அந்த நாற்காலி போனால் அவள் இந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவள் ஆகிவிடுவாள். யாரும் சொல்ல மாட்டோம், ஆனால் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த வாரம்தான் தெருமுனையில் மெயின் பைப் உடைந்தது. தண்ணீர் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து பெரிய பள்ளம் தோண்டினார்கள். தோண்டிவிட்டு அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "எப்பங்க வரும்?" என்று கேட்டால் ஒருவர் பள்ளத்தைக் கைகாட்டினார், அதுவே பதில் சொல்லும் என்பதுபோல. லாரி வரும் என்றார்கள். லாரி வந்தது, பக்கத்துத் தெருவுக்கு.

தெரு முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் அக்காவுக்கு மட்டும் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆட்சியைக் கையில் எடுத்தாள். அரிசி கழுவின தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவின தண்ணீரில் தரை, தரை துடைத்தது கக்கூஸுக்கு. எங்கள் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் பார்த்த வேலையை நான் வேலைக்குப் போகும் மருந்துக்கடையில் ஒரு நாள் முழுக்க நின்றும் பார்த்ததில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்பாள்.

"போதும், நாலு மக்கு ஆயிடுச்சு!"

"மூணுதான்க்கா!"

"எனக்குக் காது நல்லா கேக்கும். வெளிய வா."

சோப்பு நுரையோடு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரரோ டெப்போவில் குழாயடியில் ஆற அமரக் குளித்துவிட்டு, வாசனையாக வீட்டுக்கு வந்து, "பாவம், ரொம்பக் கஷ்டம்ல?" என்று கேட்டார். அப்போது என் கையில் காலி மக்கு இருந்தது, வீச நினைத்தேன், கீழே விழுந்து உடைந்தால் அக்கா என்னை உடைப்பாள் என்று விட்டுவிட்டேன்.

"டிரம்மையாவது திறங்களேன். கடைசி இன்னும் வரலியா?" என்று நான் கெஞ்சினேன்.

"இது ஆரம்பம்கூட இல்ல" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம். ஓனரம்மா. தலையில் துண்டு. குரலில் இதுவரை நாங்கள் கேட்டறியாத ஒரு குழைவு.

"சாயங்காலம் எங்க ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சவங்க எல்லாம் சேர்றோம். நாப்பது வருஷத்துக்கு அப்புறம். இந்த நரையோட எப்படிப் போறது? எல்லா பார்லரும் தண்ணி இல்லன்னு மூடிட்டான். உன்கிட்டதான் தண்ணி இருக்காமே, தெருவே சொல்லுது."

தெருவே சிரித்த விஷயம் அது. இப்போது தெருவே சாட்சி சொல்கிறது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் அவளைக் கிண்டலடித்த ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் இருந்தது.

"போட்டு விடறேன்மா" என்றாள். "ஆனா நாற்காலி..."

"நல்லா வந்தா பாக்கலாம்" என்றார் ஓனரம்மா. பார்க்கலாம் என்றால் சரி என்றுதான் அர்த்தம் என எனக்குப் பட்டது. அக்காவுக்கும் பட்டிருக்க வேண்டும். சீப்பு என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் கை தடுமாறி நான் பார்த்ததில்லை.

ஓனரம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். உடனே வாயைத் திறந்தார். கூடப் படித்தவர்களில் ஒருவர் இப்போது பெரிய ஆளாம், அந்தக் காலத்தில் இவருக்கு வாட்டர் பாட்டில் தூக்கிக்கொண்டு வருவாராம், அவரும் சாயங்காலம் வருகிறாராம். நரைக்கு ஏன் இத்தனை அவசரம் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

கொண்டையை அவிழ்த்ததும் அக்காவே அசந்துபோனாள். இடுப்பு வரைக்கும் முடி. "என்னம்மா இது, புல்லு மாதிரி வளருதே உங்களுக்கு! இந்த வயசுல இப்படி வளர்ற முடிய நான் பாத்ததே இல்ல" என்றாள். ஓனரம்மா ஒரு சுற்றுப் பெருத்தார்.

அவ்வளவு முடியையும் பிரித்துப் பிரித்துக் கட்டினால்தான் சாயம் பூச முடியும். கிளிப்புகள் தீர்ந்தன. ரப்பர் பேண்டுகள் தீர்ந்தன. இன்னும் பாதித் தலை பாக்கி. அக்கா இடது கையால் ஒரு கற்றையைப் பிடித்துக்கொண்டு, வலது கையை அலமாரிப் பக்கம் நீட்டி, கைக்கு எட்டிய சிவப்பு ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாக உருவி உருவிக் கட்டினாள். தலை அழகாகப் பத்துப் பன்னிரண்டு குடுமியாக நின்றது. அலமாரியில் வெள்ளை பாட்டில்கள் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் வரிசையாக நின்றன.

நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஓனரம்மாவின் வாட்டர் பாட்டில் கதையில் லயித்துப்போய் ஒன்றையும் கவனிக்கவில்லை.

அக்கா டியூபைப் பிதுக்கி, ஒரு பாட்டிலை எடுத்து ஊற்றிக் கலக்கினாள். பூசினாள். காத்திருந்தோம். சாதாரணமாகக் கொஞ்ச நேரத்தில் சாயம் தலையிலேயே கறுக்க ஆரம்பிக்கும். அன்றைக்குப் பால்கோவா நிறத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். சாய நெடியில் ஊறி அவளுக்கு மூக்கு செத்துப் பல வருடம், முகர்ந்தும் பயனில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றாள். ஆகாத காரியத்துக்கு அக்கா எப்போதும் சொல்வது அதுதான்.

கொஞ்ச நேரம் ஆகியும் பால்கோவா பால்கோவாவாகவே இருந்தது. சரி, கழுவிப் பார்ப்போம் என்று நாற்காலியைப் பின்னால் சாய்த்தாள். ஓனரம்மா கண்ணை மூடிக்கொண்டார். கீழே வாளியை வைத்து, நான் பாட்டிலை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அக்கா ஊற்றினாள். முதல் பாட்டிலுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது பாட்டிலை ஊற்றித் தேய்த்த கொஞ்ச நேரத்தில் ஓனரம்மாவின் இடது காது கறுத்தது.

நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். பிறகு நெற்றியில் ஒரு கோடு கறுத்தது. பிறகு தலையில், டெவலப்பர் ஓடிய வழியெல்லாம் கறுப்பு, ஓடாத இடமெல்லாம் வெள்ளை. கலக்கும்போது தண்ணீர், கழுவும்போது டெவலப்பர். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தன.

"என்ன ரெண்டு பேருக்கும் பேச்சையே காணோம்?" என்றார் ஓனரம்மா கண்ணைத் திறக்காமல்.

அக்காவின் கை அடுத்த பாட்டிலுக்குப் போய், பாதியில் நின்றுவிட்டது. எது தண்ணீர், எது மற்றது? வரிசையில் அத்தனையும் ஒரே மூஞ்சி. நல்ல தண்ணீர் நிறைய வேண்டும், அதுவும் உடனே வேண்டும். விட்டால் நெற்றி, கழுத்து எல்லாம் ஏறிவிடும்.

நான் அவள் காதருகே போய்ச் சொன்னேன்: "அக்கா, கடைசி வந்தாச்சு."

அவள் ஒரு கணம் என்னை முறைத்தாள். பிறகு பால்கனிக்கு ஓடினாள். செங்கல்லை எடுத்தாள், துணியை எடுத்தாள், மூடியில் கை வைத்துவிட்டு, பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிறவள் மாதிரி நின்றாள். "திறங்கக்கா!" என்று நான் கத்தினேன். திறந்தாள். அடி வரைக்கும் தெரிகிற சுத்தமான தண்ணீர். எங்களுக்குத் தெரியாமல் அவள் அதை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

சரியாக அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் டெப்போக் குளியல் முடித்து மணக்க மணக்க உள்ளே நுழைந்தார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் இரண்டு கையிலும் வாளியைத் திணித்தேன். அவர் தூக்க, நான் வாங்க, அக்கா ஊற்ற, வாளி வாளியாக டிரம் இறங்கியது. என்னை மூன்று மக்கில் குளிக்க வைத்தவள், ஓனரம்மாவின் தலைக்கு ஒரு குளத்தையே கொட்டினாள். பஞ்சும் எண்ணெயும் போட்டுத் தேய்த்ததில் காதும் நெற்றியும் வெளுத்தன. தலை வெளுக்கவில்லை. கறுத்த இடம் கறுத்ததுதான்.

ஓனரம்மா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடி இது, வரிக்குதிர?"

நான் முந்திக்கொண்டேன். "உப்புத் தண்ணிங்க. லாரித் தண்ணில சில சமயம் இப்படி..."

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. "தப்பு என்னோடதும்மா. பாட்டில மாத்திட்டேன். தண்ணி மேல பழி இல்ல."

எனக்கு அவளை அப்படியே பால்கனியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. ஒரே ஒரு பொய். நாற்காலி தப்பித்திருக்கும்.

"மாசக் கடைசி வரைக்கும்கூட அந்த நாற்காலி இங்க இருக்க வேணாம்" என்றார் ஓனரம்மா. கண் கலங்கியிருந்தது. "இப்பவே இன்னொரு தடவ போடு."

"இன்னைக்கே போட்டா முடி கையோட வந்துடும். வெட்டலாம்மா. என்னை நம்பினா."

"உன்னை நம்பித்தானே இந்தக் கதி!"

ஆனால் வேறு வழி இல்லை, சாயங்காலம் வந்துகொண்டிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். இப்போது அவள் கை தடுமாறவில்லை. இடுப்பு வரை இருந்ததைக் கழுத்து வரைக்கும் கொண்டுவந்தாள். அலங்கோலமாக இருந்த கறுப்புகளை வெட்டித் தள்ளினாள், சிலவற்றை வெள்ளைக்கு அடியில் ஒளித்தாள், முன்னால் ஒரே ஒரு கறுப்புக் கற்றையை மட்டும் விட்டுவைத்தாள். நன்றாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வேறு யாரோ ஒருத்தி எழுந்து நின்றது போலிருந்தது. ஓனரம்மா கண்ணாடியைப் பார்க்காமலேயே இறங்கிப் போய்விட்டார்.

அக்கா ஒரு பழைய போர்வையை எடுத்து வந்து நாற்காலி மேல் போட்டாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக மூட்டை கட்டினாள். "நாளைக்கே எடுத்துடறேன். அவங்க திரும்ப வந்து சொல்ற வரைக்கும் வச்சுக்க வேணாம்" என்றாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, எங்கள் கண்ணெதிரே, சும்மா தரையில் உட்கார்ந்தாள்.

இந்த வீட்டில் மூச்சு விட இடம் வேண்டும், அந்த நாற்காலி எப்போது ஒழியும் என்று நான் முனகாத நாள் இல்லை. ஆனால் அவள் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவர் காலை நன்றாக மிதித்தேன்.

இருட்டத் தொடங்கும்போது படியில் செருப்புச் சத்தம். ஓனரம்மாவேதான். அக்கா சட்டென்று எழுந்து நின்றாள். அவர் நேராக வந்து போர்வையை இழுத்து எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அது உடனே வேலையைக் காட்டியது.

"அங்க போனா எல்லாத் தலையும் தார் ஊத்தின மாதிரி ஒரே கறுப்பு. என்னை மட்டும் சுத்தி நின்னு பாத்தாங்க. என்ன பண்றது? வேணும்னேதான் இப்படிப் பண்ணிக்கிட்டேன், இதுதான் இப்ப ஸ்டைலுன்னு சொல்லி வச்சிட்டேன்."

"அந்த வாட்டர் பாட்டில்காரர் என்ன சொன்னார்?" என்றேன் நான், அடக்க முடியாமல்.

"அவன் தல பூரா சொட்ட. அவன் என்ன சொல்றது?"

அக்கா தயங்கித் தயங்கி, "நாளைக்கு நாற்காலிய எடுத்துடறேம்மா" என்றாள்.

"எடுத்துடுவியா?" ஓனரம்மா நாற்காலியின் கையை ஓங்கித் தட்டினார். "எடுத்துட்டு எங்க போவ? என் தலையில இப்படி ஒரு கோலத்தப் பண்ணிட்டு? இத வேற எந்தப் பார்லர்ல போய்க் காட்டுவேன், சிரிப்பா சிரிப்பான். எது கறுப்பு, எது வெள்ள, நீ எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு உனக்குத்தான் தெரியும். இது பூரா வளர்ந்து பழையபடி ஆகற வரைக்கும் நீ இந்த வீட்ட விட்டு ஒரு அடி நகரக் கூடாது. நகர்ந்த, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அக்கா கீழே கிடந்த போர்வையை எடுத்து மடித்தாள்.

"எத்தன நாளாகும் வளர?" என்றார் ஓனரம்மா.

அக்கா அருகில் போனாள். ஒரு கற்றையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வேர்க்காலைத் தடவினாள். டாக்டர்கள் கெட்ட சேதி சொல்லும் முன் விடுகிற பெருமூச்சு ஒன்றை விட்டாள்.

"உங்களுது ரொம்ப மெதுவா வளர்ற முடிம்மா" என்றாள், காலையில் அதே முடியைப் புல் என்றவள்.

நல்லவேளை, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான் இல்லை.